உங்க தெரு வடிகாலை மாநகராட்சி பட்ஜெட்ல ஏத்துறது எப்படி: திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம்காரங்களுக்கு

ஐப்பசியில தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடுவோம், கவுன்சிலருக்கு போன் போடுவோம், ஒரு மோட்டார் வந்து தண்ணிய எறைச்சிட்டுப் போகும், கார்த்திகை தாண்டினா எல்லாரும் மறந்துடுவோம், அடுத்த ஐப்பசியில மறுபடியும் அதே போட்டோ. ஆனா அந்தத் தெருவுக்கு வடிகால் உண்டா இல்லையாங்கறது முடிவாகறது மார்கழியை ஒட்டித்தான். அப்பதான் மாநகராட்சி ஆபீஸ்ல அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் தன்னோட தேவைய எழுதிக் கொடுத்துட்டு இருப்பாங்க, அந்த நேரத்துல நம்ம தெருவுல தண்ணியும் இருக்காது நம்ம மனுவும் அங்க இருக்காது. நம்ம புகாரை எப்படி பட்ஜெட்ல ஒரு வரியா ஏத்தறது, ஏத்தினதுக்கு அப்புறம் அந்தக் காசு நிஜமாவே நம்ம தெருவுக்கு வந்துச்சான்னு எப்படி பாக்கறது, இத மட்டும்தான் இங்க எழுதறேன். குடியிருப்போர் சங்கத்துல இருக்கறவங்க, மகளிர் குழுவுல இருக்கறவங்க, எதுலயும் இல்லாம தெருவ பத்தி கவலைப்படறவங்க எல்லாருக்கும் இது உதவும்.

திருச்சி 1994-ல மாநகராட்சி ஆச்சு, தஞ்சாவூர் 2014-ல, கும்பகோணம் 2021-ல. 65 வார்டு, 51 வார்டு, 48 வார்டு. அளவு வேற வேறயா இருந்தாலும் பட்ஜெட் போடற முறை மூணு ஊருக்கும் ஒண்ணுதான், சட்டமும் ஒண்ணுதான். மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி மாதிரி நகராட்சியில இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான், மாமன்றம்னு நான் சொல்ற எடத்துல நகர்மன்றம்னு வச்சுக்குங்க, மேயர்னு சொன்னா சேர்மன்.

முதல்ல அது யாரோடதுன்னு பாருங்க

பாதி மனு வீணாப் போறது இங்கதான். தெரு முன்னாடி இருக்கற எல்லாமே மாநகராட்சியோடதுன்னு நெனச்சு எழுதறோம். மெயின் ரோடு நெடுஞ்சாலைத்துறையோடதா இருக்கும், வாய்க்கால் நீர்வளத்துறையோடதா இருக்கும், குளம் கோயில் குளமா இருந்தா அறநிலையத்துறை. திருச்சியில உய்யக்கொண்டான் வாய்க்கால் ஊருக்கு நடுவுல ஓடுது, தஞ்சாவூர்ல கல்லணைக் கால்வாய், நாம புது ஆறுன்னு சொல்றது, அதுவும் ஊருக்குள்ளதான் ஓடுது, ரெண்டையும் மாநகராட்சி காசுல தூர் வாருங்கன்னு எழுதினா "இது எங்க கட்டுப்பாட்டுல இல்லை"ன்னு ஒரு வரி பதில் வரும், அதுக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கும். டவுன் சர்வே பதிவேடு, ஆபீஸ்ல டிஎஸ்எல்ஆர்ம்பாங்க, அதுல அந்த எடம் என்ன வகைப்பாட்டுல இருக்குன்னு பாத்துட்டு எழுதுங்க. சாலையா, வாய்க்கால் புறம்போக்கா, நகராட்சி எடமான்னு அதுல இருக்கும்.

ரெண்டு துறை சம்பந்தப்பட்டதா இருந்தா (நம்ம பக்கம் வடிகால் விஷயம் முக்கால்வாசி அப்படித்தான்) ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தனித்தனியா மனு குடுத்து, ஒவ்வொண்ணுலயும் மத்தவருக்கு நகல்னு போடுங்க. கலெக்டர் ஆபீஸ்ல திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் நடக்குதில்லையா, அதுக்கு இந்த மாதிரி ரெண்டு துறை மனுதான் பொருத்தம், ஏன்னா ரெண்டு பேரையும் ஒரே மேஜையில கூப்பிட்டு வச்சு கேக்க அதிகாரம் இருக்கறவர் அங்கதான் இருக்கார்.

டெல்டாவுல இன்னொரு விஷயம் இருக்கு, வெளியூர் இஞ்சினியர் கண்ணுக்கு உடனே படாது. நம்ம ஊர் தட்டை. வடிகால் போய் விழற எடம் பெரும்பாலும் பாசன வாய்க்கால். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, கல்லணையில பிரிச்சு விட்டு, வாய்க்கால் நெறஞ்சு ஓட ஆரம்பிச்சதும் போய் உங்க வடிகால் அதுல விழற வாய பாருங்க. வாய்க்கால் தண்ணி மட்டம் உங்க வடிகால் வாய்க்கு மேல இருந்தா, தண்ணி வெளிய போறதுக்குப் பதிலா உள்ள வரும். அந்த எடத்துல எத்தனை லட்சத்துக்குப் புது வடிகால் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, அங்க தேவை ஒரு ஷட்டரும் வாய ஒசத்தறதும்தான். ஆடி மாசத்துல ஒரு நாள் சாயங்காலம் போய் தேதி தெரியற மாதிரி நாலு போட்டோ எடுத்து வையுங்க. தண்ணி உள்ள ஏறறது தெரியற அந்த போட்டோதான் உங்க மனுவுக்கே உயிர்.

பட்ஜெட் புத்தகத்தை எப்படி படிக்கறது

மாநகராட்சி பட்ஜெட் மூணு பையா இருக்கும். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. ஒரு பையில இருந்து இன்னொண்ணுக்கு இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. சொத்து வரியிலயே குடிநீருக்கு ஒரு பங்கு, கல்விக்கு ஒரு பங்குன்னு பிரிஞ்சு போகும். உங்க தெரு ரோடும் லைட்டும் முதல் பையில வரும், தண்ணி பைப்பும் பாதாள சாக்கடையும் ரெண்டாவதுல, மாநகராட்சி ஸ்கூல் கட்டடம் மூணாவதுல. "ஃபண்டு இல்ல சார்"னு யாராவது சொன்னா கோவப்படாம ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த நிதியில, எந்தத் தலைப்புல சார் இல்ல?" இந்தக் கேள்விக்கு அப்புறம் பேச்சோட தரமே மாறிடும், நான் பாத்திருக்கேன். உக்காருங்கன்னு சொல்லி ரெஜிஸ்டரை எடுப்பாங்க.

புத்தகத்துல ஒவ்வொரு தலைப்புக்கும் நேரா நாலு கட்டம் இருக்கும். போன வருஷத்து உண்மையான கணக்கு, நடப்பு வருஷத்துக்குப் போட்ட மதிப்பீடு, நடப்பு வருஷத்துக்கே திருத்திய மதிப்பீடு, வர்ற வருஷத்துக்கான மதிப்பீடு. பேப்பர்ல நியூஸா வர்றது கடைசிக் கட்டம் மட்டும்தான், "இத்தனை கோடிக்கு பட்ஜெட் தாக்கல்"னு. நீங்க மொதல்ல பாக்க வேண்டியது முதல் கட்டத்தை. மழைநீர் வடிகால் பராமரிப்புன்னு ஒரு தலைப்பு இருக்குன்னு வையுங்க, போன வருஷம் நிஜமா செலவானது எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவுன்னு சொல்லிட்டு திருத்தத்துல எவ்வளவா குறைச்சிருக்காங்க, அடுத்த வருஷத்துக்கு மறுபடி எவ்வளவு போட்டிருக்காங்க, இந்த நாலையும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதுங்க. வருஷா வருஷம் பெரிய தொகை அறிவிச்சு திருத்தத்துல பாதியாக்கறது எந்தத் தலைப்புலன்னு தன்னால தெரிஞ்சிடும். அந்த ஒரு பேப்பர கையில வச்சுக்கிட்டு மூணு நிமிஷம் பேசினா போதும், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

வரவுப் பக்கமும் பாருங்க, அத பாக்காம செலவு மட்டும் கேக்கறது நியாயம் இல்லை. சொத்து வரி, காலியிட வரி, தொழில் வரி, தண்ணிக் கட்டணம், பாதாள சாக்கடைக் கட்டணம், கடை வாடகை, மார்க்கெட் பஸ் ஸ்டாண்டு குத்தகை, பத்திரப் பதிவுல வர்ற முத்திரைத்தாள் மேல்வரி, இதுக்கு மேல மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். மத்திய நிதிக்குழு மானியத்துல ஒரு பெரிய பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்னே கட்டி வர்றது, அத ரோட்டுக்கு எடுக்க முடியாது. 2022 ஏப்ரல்ல சொத்து வரி திடீர்னு ஏறினதுக்குக் காரணம் சொன்னப்ப 15-வது நிதிக்குழு போட்ட நிபந்தனையும் அதுல ஒண்ணு, வரிய திருத்தினாதான் மானியம்னு. அன்னைக்கு 1,800 சதுர அடிக்கு மேல இருக்கற வீடுகளுக்கு 100 சதவீதம் ஏறுச்சு, 600 அடிக்குள்ள இருக்கறதுக்கு 25. சரி, ஏத்தியாச்சு. ஏத்தின வரி வசூல் ஆகுதா?

அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு, கேட்பு வசூல் நிலுவைப் பட்டியல். எவ்வளவு கேட்டாங்க, எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு பாக்கி. இத வரி இனவாரியா கேட்டு வாங்குங்க, கடை வாடகை பாக்கி தனியா. பெரிய கட்டடங்களும் குத்தகைதாரர்களும் வச்சிருக்கற பாக்கி வந்தாலே பல தெருவுக்கு வேலை ஆகும். உங்க வீட்டு வரியை நீங்க ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் முதல் மாசமே கட்டிடுங்க, 5 சதவீதம் தள்ளுபடியும் இருக்கு, 5,000 ரூபாய் வரைக்கும். ரசீதோட போய் கேக்கறவங்க பேச்சுக்கு எடை இருக்கு.

மொத்தத் தொகைய பாத்து மயங்காதீங்க. மாநில அரசு திட்டம், மத்திய அரசு திட்டம், கடன் எல்லாம் மூலதன வரவா உள்ள வந்து அதே தொகை செலவா வெளிய போகும், அதனாலதான் புத்தகம் பெருசா தெரியும். மாமன்றம் சுதந்திரமா முடிவு பண்ணக்கூடிய காசுங்கறது சம்பளம், பென்ஷன், கரண்டு பில், கடன் தவணை, குப்பை ஒப்பந்தம் எல்லாம் போக மிஞ்சறது. நம்ம கோரிக்கை அந்த மிஞ்சற காசுலதான் போட்டி போடுது. ஸ்மார்ட் சிட்டி காலத்துல தஞ்சாவூர்லயும் திருச்சியிலயும் நாம கவனிச்ச விஷயம் இது: தனிக் கம்பெனி ஒண்ணு வச்சு, அதோட போர்டு முடிவு பண்ணிச்சு, கவுன்சிலர்கள் பெரும்பாலும் வேடிக்கை பாத்தாங்க, வார்டு மக்கள் அதுக்கும் வெளிய. 2025 மார்ச் 31-ஓட அந்தத் திட்டம் முடிஞ்சது, ஆனா கட்டினதையெல்லாம் பராமரிக்கற செலவு இப்ப மாநகராட்சி தலையிலதான் இருக்கு, அது பட்ஜெட்ல எந்த வரியில வருதுன்னு கேளுங்க. எனக்கு இது ரொம்ப முக்கியமான கேள்வியா படுது.

எப்ப கேக்கணும்

நிதி ஆண்டு ஏப்ரல்ல தொடங்குது. அதுல இருந்து பின்னால எண்ணுங்க. பட்ஜெட் தாக்கல் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்ல. அதுக்கு முன்னாடி வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு பாக்கணும். அதுக்கு முன்னாடி கமிஷனர் ஆபீஸ்ல கணக்குப் பிரிவு தொகுக்கணும். அதுக்கும் முன்னாடி ஒவ்வொரு வார்டு ஏஇ-யும் (உதவிப் பொறியாளர்) தன் வார்டுக்கு என்ன வேலைன்னு லிஸ்ட் குடுக்கணும், அது நவம்பர், டிசம்பர். அந்த லிஸ்ட்ல உங்க தெரு பேரு வரணும், அவ்வளவுதான் விஷயம். அதனால தண்ணி நிக்கற நாள்லயே அளவு எடுத்து, தீபாவளி முடிஞ்ச கையோட மனு குடுத்துடணும். பட்ஜெட் தாக்கலான அன்னைக்கு மறியல் பண்ணி புது வேலை சேத்தவங்கள நான் பாத்ததில்லை, திருத்தம் கேட்டா அதிகபட்சம் "பரிசீலிக்கப்படும்"னு ஒரு பதில் வரும்.

ரெண்டாவது வாசல் ஒண்ணு இருக்கு, திருத்திய மதிப்பீடு. நடப்பு வருஷத்துல செலவாகாம கெடக்கற தொகைய வேற வேலைக்கு மாத்தறது அப்பதான். எஸ்டிமேட் தயாரா இருக்கற வேலைக்குத்தான் அந்தக் காசு போகும். உங்க வேலைக்கு எஸ்டிமேட் போட்டு வச்சிருந்தா வாய்ப்பு உண்டு, வெறும் மனுவா இருந்தா இல்லை.

கும்பகோணம்காரங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. போன மகாமகம் 2016, அடுத்தது 2028. மகாமகத்துக்கு மாநில அரசு தனியா காசு குடுக்கும், குளத்தைச் சுத்தியும் கோயிலைச் சுத்தியும் வேலை நடக்கும். விழா முடிஞ்சு பத்து வருஷம் ஊருக்குப் பயன்படற மாதிரி கழிப்பிடம், வடிகால், நடைபாதைன்னு எதெல்லாம் நிரந்தரமா வேணும்னு வார்டு வார்டா இப்பவே எழுதிக் குடுத்தாதான் அது திட்ட அறிக்கையில ஏறும். கடைசி ஆறு மாசத்துல எல்லாம் தற்காலிகப் பந்தலும் தகரக் கழிப்பிடமுமாதான் முடியும்.

மனு எப்படி எழுதறது

ஒரு மனுவுல ஒரு வேலை. ரோடு, லைட்டு, நாய், கொசு எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல எழுதினா அது எந்த செக்‌ஷனுக்கும் போகாது, சுத்திக்கிட்டே இருக்கும். டேப் எடுத்துட்டு போய் அளங்க. நடு வாக்கியம் இப்படி இருக்கலாம்:

"எங்கள் வார்டு, மூன்றாவது குறுக்குத் தெருவில் 140 மீட்டர் நீளத்துக்கு மழைநீர் வடிகால் இல்லை. தெருவில் 32 வீடுகள் உள்ளன. தெருவின் கிழக்குக் கோடியில் 20 மீட்டர் தூரத்தில் ஏற்கனவே உள்ள மாநகராட்சி வடிகாலுடன் இணைக்க வழி உள்ளது. இந்தப் பணிக்கு மதிப்பீடு தயாரித்து வரும் நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் மழைநீர் வடிகால் தலைப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நீளம், வீட்டு எண்ணிக்கை, போய்ச் சேரும் எடம், எந்தத் தலைப்பு, எந்த வருஷம். இந்த அஞ்சும் இருந்தா ஏஇ-க்கு பாதி வேலைய நீங்களே முடிச்சுக் குடுத்த மாதிரி. செலவு எவ்வளவு ஆகும்னு தோராயமா சொல்லணும்னா, பக்கத்துத் தெருவுல சமீபத்துல போட்ட வடிகாலோட ஒர்க் ஆர்டர (காண்ட்ராக்டருக்குக் குடுக்கற வேலை உத்தரவு) தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல, அதாவது ஆர்டிஐ-ல, வாங்கி, மொத்தத் தொகைய நீளத்தால வகுங்க, மீட்டருக்கு இவ்வளவுன்னு வரும், உங்க நீளத்தால பெருக்குங்க. அகலம் ஆழம் ஒரே மாதிரிதானான்னு மட்டும் பாத்துக்குங்க.

ரோடு கேக்கறதா இருந்தா ஒரு வரி கட்டாயம் சேருங்க: பழைய ரோட்ட சுரண்டி எடுத்துட்டு, அதே மட்டத்துலதான் புது ரோடு போடணும். 2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு இத உத்தரவாவே போட்டார். ரோடு மேல ரோடு போட்டு வீடெல்லாம் பள்ளத்துக்குப் போனது நம்ம ஊர்கள்ல நடந்த பெரிய அநியாயம், மழை பெஞ்சா ரோட்டுத் தண்ணி நேரா வீட்டுக்குள்ள. எஸ்டிமேட்லயே மில்லிங்னு, அதாவது பழைய ரோட்ட சுரண்டறதுக்கு, ஐட்டம் இருக்கான்னு பாருங்க, எஸ்டிமேட்ல இல்லாதத காண்ட்ராக்டர் செய்ய மாட்டார்.

மனு போக வேண்டியது கமிஷனர் பேருக்கு, நகல் மேயருக்கு, கவுன்சிலருக்கு, மண்டல ஆபீஸுக்கு. தபால் பிரிவுல குடுத்து சீல் போட்ட நகல் வாங்காம திரும்பாதீங்க. கவுன்சிலர் பெண்ணா இருந்தா (மாநகராட்சி, நகராட்சியில பாதி எடம் பெண்களுக்குத்தான்) அவங்ககிட்டயே போய் பேசுங்க, "அக்கா, இத நீங்க மாமன்றத்துல பேசணும்"னு அவங்க கையில குடுங்க. வாசல்ல நிக்கற அவங்க கணவர்கிட்ட குடுத்துட்டு வர்ற பழக்கத்த நாமதான் முதல்ல விடணும். ஓட்டு வாங்கி ஜெயிச்சு பதவி ஏத்தது அவங்க. அவங்ககிட்ட விவரமா எடுத்துச் சொன்னா நல்லாவே பேசறாங்க.

ஏரியா சபையை விட்டுடாதீங்க

கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நமக்கும் ஒண்ணு இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. அரசியல் சட்டத்தோட 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல நடைமுறைக்கு வந்துச்சு, தமிழ்நாட்டுல வார்டு கமிட்டிக்கும் ஏரியா சபைக்கும் விதி வந்தது 2022-ல. நடுவுல எத்தனை வருஷம் பாருங்க. அந்த வருஷம் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னைக்கு பல ஊர்ல முதல் கூட்டம் நடந்துச்சு. ஒவ்வொரு வார்டையும் பல ஏரியாவா பிரிச்சிருப்பாங்க, அந்த ஏரியாவுல ஓட்டு இருக்கற எல்லாருமே சபை உறுப்பினர்தான். வார்டு கமிட்டிக்கு கவுன்சிலர் தலைவர், ஏரியாவுக்கு ஒருத்தர்னு பிரதிநிதிகள் உறுப்பினர்.

நடைமுறை என்னன்னா பல வார்டுல கூட்டம் நடந்ததே தெருவுக்குத் தெரியாது. அதனால முதல்ல எழுத்துல கேளுங்க: எங்க ஏரியாவோட எல்லை எது, பிரதிநிதி யாரு, கடைசியா எப்ப கூட்டம் நடந்துச்சு, அதுல என்ன தீர்மானம் போட்டாங்க, தீர்மான நகல் குடுங்க. அடுத்த கூட்டத் தேதிய ஒரு வாரம் முன்னாடி நோட்டீஸ் ஒட்டச் சொல்லுங்க. கூட்டத்துல ஒரு சண்டையும் வேணாம், மூணு வேலைய முன்னுரிமை வரிசையில ஒத்துக்கிட்டு தீர்மானப் புத்தகத்துல எழுத வச்சு, படிச்சுக் காட்டச் சொல்லி, எழுதின பக்கத்த போன்ல போட்டோ எடுத்துட்டு வாங்க. எழுதாத தீர்மானம் தீர்மானமே இல்லை.

யார் வர்றாங்கங்கறதும் பெரிய விஷயம். நகர்ப் பக்கத்துச் சங்கங்கள்ல பெரும்பாலும் ரிட்டயர்டு ஆன ஆம்பளைங்கதான் தலைமை, அவங்ககிட்ட நேரமும் இருக்கு ஆபீஸ் பாஷையும் தெரியும், அதனால பார்க்கும் நடைபாதையும் முன்னாடி வந்துடும். ஆத்துக்கரையில, வாய்க்கால் ஓரத்துல குடிசை போட்டு இருக்கறவங்க, வாடகைக்கு இருக்கறவங்க, தூய்மைப் பணியாளர் குடியிருப்புல இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் மாநகராட்சி இல்லாம ஒரு நாளும் ஓடாது, ஆனா பகல் 11 மணிக்கு கூட்டம் வச்சா அவங்க எப்படி வருவாங்க, கூலிய விட்டுட்டு? சாயங்காலம் ஏழு மணிக்கு வையுங்கன்னு கேளுங்க, சமுதாயக் கூடத்துல வைக்காம அவங்க தெருவுலயே ஒரு தடவை வையுங்கன்னு கேளுங்க. திருச்சியில குடிசைப் பகுதிப் பொதுக் கழிப்பிடங்கள அந்தந்தத் தெருப் பெண்கள் குழுக்களே கட்டணம் வாங்கி, ஆள் போட்டு, கணக்கு எழுதி நடத்திக் காட்டினாங்க, வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. கணக்கு பாக்க அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கூப்பிட்டா போதும்.

இது நடக்காத காரியம் ஒண்ணும் இல்லை. பிரேசில்ல போர்ட்டோ அலெக்ரேங்கற ஊர்ல 1989-ல இருந்து மக்களே கூட்டம் போட்டு முதலீட்டுப் பட்ஜெட்டை வரிசைப்படுத்தினாங்க. கேரளாவுல 1996-ல மக்கள் திட்டம்னு, மக்களே கூடி உள்ளாட்சிக்குத் திட்டம் போட்டாங்க. புனே மாநகராட்சி 2006-ல இருந்து வார்டு ஆபீஸ்ல ஃபார்ம் குடுத்து சின்ன வேலைகள மக்கள்கிட்டயே கேட்டு வாங்கி பட்ஜெட்ல சேத்துச்சு. நம்ம மாமன்றங்கள்லயும் ஒரு தீர்மானம் போட்டா போதும், டிசம்பர்ல வார்டுக்கு வார்டு ஃபார்ம் வைக்கலாம். உங்க கவுன்சிலர்கிட்ட இதையே ஒரு கோரிக்கையா குடுங்க.

மாநகராட்சி காசு நிஜமாவே இல்லைன்னா வேற பைகளும் இருக்கு. நமக்கு நாமே திட்டத்துல மக்கள் பங்கு மூணுல ஒரு பங்கு போட்டா மீதிய அரசு போடும், நீர்நிலை வேலைன்னா பாதி. பார்க், ஸ்கூல் கட்டடம், குளம் இதுக்கெல்லாம் சரிப்படும், ஊர்ல வசதியா இருக்கறவங்களும் வெளிநாட்டுல இருக்கறவங்களும் சேந்தா முடியும். எம்எல்ஏ தொகுதி நிதியும் இருக்கு. ஆனா வடிகால் மாதிரி அடிப்படை வேலைக்கு மக்கள்கிட்ட காசு கேக்கறது சரியில்லைன்னு நான் நினைக்கிறேன், அதுக்குத்தான் வரி கட்டறோம்.

பட்ஜெட்ல ஏறினதுக்கு அப்புறம்

ஏறிட்டா வேலை ஆகிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, மாமன்றத் தீர்மானம், டெண்டர், ஒர்க் ஆர்டர், வேலை, அளவு, பில். இதுல எங்க வேணா நிக்கும். டெண்டர் அறிவிப்புகள் தமிழ்நாடு டெண்டர் வெப்சைட்ல வரும், தேடிப் பாருங்க. டெல்டாவுல வடிகால் வேலை ஆகஸ்ட்டுக்குள்ள தொடங்கலைன்னா அந்த வருஷம் அவ்வளவுதான், மழையில தோண்டிப் போட்டு இன்னும் கேடாகும். அதனால மே மாசம் ஒரு தடவை, "டெண்டர் எந்த நிலையில இருக்கு"ன்னு எழுத்துல கேளுங்க.

மாமன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா முன்னாடியே கவுன்சிலர்களுக்குப் போகும், அத வாங்கிப் படிங்க. பார்வையாளரா உக்காந்து பாக்கணும்னா கூட்டத்துக்கு முன்னாடியே ஆபீஸ்ல கேட்டு வச்சுக்குங்க. நூறு மன்றப் பொருள் அரை மணி நேரத்துல நிறைவேறும்போது உங்க தெரு எந்த நம்பர்ல இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்தா நீங்களே முழிச்சுட்டு இருப்பீங்க.

வேலை நடக்கும்போது ஒர்க் ஆர்டரும் எஸ்டிமேட்டும் உங்க கையில இருக்கணும். முடிஞ்சதும் எம் புக் நகல், அதாவது ஏஇ அளவெடுத்து எழுதற புத்தகம், அதுல நீளம் அகலம் ஆழம் கான்கிரீட் கனம் எல்லாம் இருக்கும், அத வச்சுத்தான் பில் போடறாங்க. டேப் எடுத்துட்டு தெருவுல ரெண்டு பேர் போங்க, ஆரம்பத்துல ஒரு எடம், நடுவுல ஒண்ணு, கடைசியில ஒண்ணு. ஆழம் அளக்கறப்ப சேறு தங்கியிருந்தா அதை ஒதுக்கிட்டு அடி வரைக்கும் விட்டு அளங்க. எம் புக்ல 60 சென்டிமீட்டர்னு இருந்து உங்க டேப்ல 45 வந்தா போட்டோவோட கமிஷனருக்கு எழுதுங்க, நகல் உள்ளாட்சி நிதி தணிக்கைக்கு. முழு பில்லும் போறதுக்கு முன்னாடி எழுதினா சரி பண்ண வைக்கறது சுலபம். ஒப்பந்தத்துல பழுது பொறுப்புக் காலம் எவ்வளவுன்னும் பாத்து வையுங்க, அதுக்குள்ள உடைஞ்சா காண்ட்ராக்டர் தன் செலவுலயே சரி பண்ணணும், மாநகராட்சி மறுபடி காசு போடக்கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 பத்தி சுருக்கமா: பொதுத் தகவல் அலுவலர் பேருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஏன் எதற்குன்னு கேள்வி கேக்காம ஆவணத்தோட பேரச் சொல்லி நகல் கேளுங்க. 30 நாள். பதில் வரலைன்னாலோ சரியில்லைன்னாலோ அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுக்கு மேல 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். ஆவணத்த நேர்ல பாக்கவும், நடக்கற வேலைய பாக்கவும், பொருள் மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்துல உரிமை இருக்கு. பட்ஜெட் ஒதுக்கீட்ட நாம கேக்காமலே வெளியிடணும்னு 4-வது பிரிவு சொல்லுது, வெப்சைட்ல இல்லைன்னா அந்தப் பிரிவ எழுதிக் கேளுங்க.

கடைசியா, இப்ப இருக்கற மாமன்றங்கள் 2022 பிப்ரவரி தேர்தல்ல வந்தது, மார்ச்ல பதவி ஏத்தாங்க, அஞ்சு வருஷப் பதவிக்காலம். இதுக்கு முந்தின மன்றங்க 2016 அக்டோபர்ல முடிஞ்சு, 2022 வரைக்கும் தேர்தலே இல்லாம தனி அலுவலர்களே பட்ஜெட் போட்டு அவங்களே அனுமதிச்சாங்க. மறுபடி அப்படி ஒரு இடைவெளி வந்தா கவுன்சிலர் இருக்க மாட்டாங்க, ஏரியா சபை நடக்காது, ஆனா டிசம்பர் லிஸ்ட் அப்பவும் தயாராகும், ஏஇ அப்பவும் இருப்பார். அந்த நேரத்துல மனு தனி அலுவலர் பேருக்கு, நகல் நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு. இப்ப ஏரியா சபையில எழுத வச்ச தீர்மான நகல், அளவு, போட்டோ, பழைய மனுவோட சீல் போட்ட நகல் எல்லாத்தையும் தெருவுல மூணு பேர் கையிலயாவது ஒரே மாதிரி ஃபைலா வச்சிருங்க, ஒருத்தர் வீடு மாறிப் போனாலும் அடுத்தவர் எடுத்துட்டுப் போய் நிக்கலாம்.